கைத்தாங்கல்

கம்பெனியில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவன் இல்லை. மார்க் போடுகிறவன், அதனால் வாத்தியார். பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு ரைடு செய்து கொடுக்கிற கம்பெனி அது. சும்மா உட்கார்ந்து சுற்றிவிட்டு, குமட்டிக்கொண்டு இறங்குகிற ரைடு இல்லை. உட்கார்ந்திருப்பவர் கைக்கும் வேலை இருக்கும். குறிபார்ப்பது, பிடிப்பது, துரத்துவது என்று ஏதாவது செய்துகொண்டே போக வேண்டும். செய்ததற்கு மார்க் விழும். அந்த மார்க் எப்படி விழ வேண்டும் என்று கணினியில் எழுதி வைக்கிறவன்தான் நம் வாத்தியார். வீட்டில் அவன் பெரியவன். அவனுக்குக் கீழே ஒரு தம்பி, சின்னவன். இந்தக் கதையில் வருகிற வம்பெல்லாம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான்.

அந்தச் சமயம் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த ரைடுக்குத் 'தூங்கும் கடல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய கொட்டகை. உள்ளே சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, கும்மிருட்டாக்கி, வளைந்து வளைந்து ஒரு தண்டவாளம். அதன் மேல் இரண்டு பேர் உட்காருகிற வண்டிகள். ஆளுக்கொரு லாந்தர். இரண்டு பக்கமும் ஃபைபரில் செய்த மீன்கள், ஆமைகள், கடைசித் திருப்பத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ஆக்டோபஸ், எல்லாம் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருக்கும். லாந்தர் வெளிச்சம் சரியான இடத்தில் பட்டால் கண்ணைத் திறந்து வாலை ஆட்டும். நிறைய எழுப்பியவர் ஜெயித்தவர். மார்க் எவ்வளவு என்று வண்டிக்குள் தெரியாது. வெளியே வந்து நின்றதும்தான் பெரிய திரையில் விழும்.

முதலாளியம்மாவுக்கு ஒரு மந்திரம் உண்டு. "தோத்தவன் மறுபடி வரிசையில நிக்க மாட்டான்" என்பார். அப்பாவும் பிள்ளையும் ஏறி, பிள்ளை படுதோல்வி அடைந்து அழுதுகொண்டு இறங்கினால், அந்தக் குடும்பம் அடுத்த தடவை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்குமா? அதற்காக வாத்தியார் ஒரு வித்தை செய்து வைத்திருந்தான். இரண்டு பேரில் ஒருவர் ரொம்பப் பின்தங்கிவிட்டால், மீன்கள் அவருக்கு மட்டும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். முந்திப் போகிறவர் கண்ணைக் குறிவைத்து அடித்தால்தான் எழும். பிந்திப் போகிறவர் வாலில் அடித்தாலே எழுந்துவிடும். கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் நூலிழை வித்தியாசத்தில் வந்து நிற்பார்கள். கம்பெனியில் இதற்குக் கைத்தாங்கல் என்று பெயர்.

இதில் ஒரே ஒரு சட்டம். கைத்தாங்கல் வாங்கியவருக்கு அது தெரியவே கூடாது. தெரிந்துவிட்டால் ஜெயித்தும் பிரயோஜனமில்லை. கட்டுப்பாட்டு மேசையில் மட்டும், எந்தப் பக்கம் கைத்தாங்கல் ஓடுகிறதோ அந்தப் பக்கத்து மஞ்சள் விளக்கு எரியும்; வெளிச்சம் மீனின் எந்த இடத்தில் பட்டது என்பதும் தெரியும். மேசையில் இருக்கிற அம்மாளை எல்லோரும் லைட்டக்கா என்பார்கள். "பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, லைட்டக்கா" என்று வாத்தியார் அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

மெஷினுக்குச் சட்டம் எழுதினவன் தன் வாய்க்கு ஒன்று எழுதிக்கொண்டானா என்றால், அதுதான் இல்லை.

பெரியவன் கெட்டவன் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, ஓடி ஓடி உதவி செய்வான். ஆனால் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுவான். சின்னவன் படிப்பில் சுமார். ஓட்டப்பந்தயம், சீட்டாட்டம், அம்மாவிடம் நல்ல பெயர் வாங்குவது, எதிலும் அண்ணனை ஜெயித்ததில்லை. அவன் வேலையில்லாமல் அலைந்தபோது பெரியவன் தன் சிநேகிதன் நடத்துகிற கிடங்கு ஒன்றில் சொல்லி வைத்தான். சொல்லி வைத்ததைத் தம்பியிடம் சொல்லவில்லை. "நீயே பேசி அசத்திட்டியாமேடா, நான் ஒரு வார்த்தை சொல்லல" என்றான். தம்பி அதை நம்பினான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனான். கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் தானாகத் தேடிக்கொண்ட வேலை என்றுதான் சொன்னான்.

பிறகு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. மண்டபத்தில் ஒரு வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது யாரோ சின்னவனை நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டார்கள். பெரியவனுக்குப் பொறுக்கவில்லையோ, வாய் அரித்ததோ, "அட, அந்த வேலையே நான் காலைப் பிடிச்சு வாங்கிக் கொடுத்ததுதான். இவனுக்கே தெரியாது!" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவனின் மாமனாரும் சிரித்தார்.

சின்னவன் அந்த வேலையை விட்டான். யாரிடமும் கேட்காமல், கட்டடம் கட்டுகிற இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, கிரேன்காரனாகவே ஆகிவிட்டான். அண்ணனோடு பேச்சு நின்றுபோனது. அண்ணன் தம்பி வீட்டு வாசலை மிதித்து வருஷக்கணக்காயிற்று. நடுவில் சின்னவன் மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா என்பது அவளுக்குச் சுவரில் மாட்டிய படத்தில் இருக்கும் ஆள்.

பெரியவனுக்கு இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எப்படியாவது தம்பியைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவனுக்கு இல்லை. அதற்கு ஒரு வழி கம்பெனியிலேயே வந்தது.

ஒரு ரைடைப் பூங்காவுக்கு அனுப்புமுன் கம்பெனியில் 'சண்டை நாள்' என்று ஒன்று நடத்துவார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் ரொம்பச் சண்டை போடுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். விட்டுக்கொடுத்து விளையாடுகிறவர்களை வைத்துப் பார்த்தால் மார்க் கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? முட்டிமோதுகிற ஜோடிதான் வேண்டும். வெல்டர் வருஷா வருஷம் தன் மனைவியோடு வருவார். கணக்குப்பிள்ளை அம்மாள் தன் மாமியாரோடு வருவார்.

"உங்களுக்கு யார்கூடச் சண்டைன்னு ஊருக்கே தெரியும். தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள் பெரியவனின் மனைவி.

"வர மாட்டான்."

"கூப்பிட்டாத்தானே வர்றதும் வராததும்?"

போன் போட்டான்.

"டேய், நான்தான்."

"தெரியுது."

"ஒரு வேலை இருக்கு..."

"எனக்கு வேலை இருக்குண்ணா. நானே பாத்துக்கிட்டேன்."

"ஐயோ, வேலை தரேன்னு சொல்லலடா! விளையாட வரியான்னு கேக்கறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பெரியவன் நாளையும் நேரத்தையும் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தான்.

சின்னவன் மனைவியோடும் மகளோடும் வந்தான். தலையில் லேசாக நரை விழுந்திருந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் வாசலில் தொங்கிய மீனைப் பார்த்து, "ஏண்ணா, மீனுக்கு ஏது இமை? அது கண்ணைத் திறந்துகிட்டேதானே தூங்கும்?" என்றான். கம்பெனியில் அத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு வேலை செய்தார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. முதலாளியம்மாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இப்ப சொல்லி என்னடா புண்ணியம்? எல்லா மீனுக்கும் இமை ஒட்டியாச்சு" என்றான் பெரியவன்.

இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். பெரியவனுக்கு ஒவ்வொரு மீனும் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறு, ஓடுகிற வண்டியில் இருந்து அடிப்பது வேறு. இருட்டில் பக்கத்தில் தம்பி முனகுவது கேட்டது. "இந்தா... எந்திரி... எந்திரிடா ராசா."

"பேசாம அடிடா."

"கொக்கி ஆடும்போது கொக்கியைப் பாக்கக் கூடாதுண்ணா. அது வரப்போற இடத்தைப் பாக்கணும்."

"இங்கே கொக்கியும் இல்ல, கிரேனும் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்."

ஆக்டோபஸ் திருப்பத்தில் இருவரும் சேர்ந்தே கத்தினார்கள். அம்மா ஊரில் இல்லாத நாட்களில் வீட்டுக்குள் பந்து விளையாடிய பையன்கள் மாதிரி கத்தினார்கள். வண்டி வெளிச்சத்துக்கு வந்து நின்றது. திரையில் எண்கள் விழுந்தன. நூலிழையில் சின்னவன் ஜெயித்திருந்தான்.

"அப்பா ஜெயிச்சிட்டாரு! பெரியப்பா தோத்துட்டாரு!" என்று அவன் மகள் குதித்தாள். சின்னவன் வண்டியை விட்டு இறங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டான் என்றால் எலும்பு நொறுங்குகிற மாதிரி. அதோடு விட்டானா? கிரேனில் தன்னோடு வேலை செய்கிறவனுக்குப் போன் போட்டு, "எங்கண்ணனை ஜெயிச்சிட்டேன்டா! அவன் கட்டின ரைடுலயே!" என்றான். போனை வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வந்துருங்க. அண்ணியையும் கூட்டிட்டு வா. சாக்குப்போக்குச் சொன்னே, பாத்துக்க" என்றான்.

பெரியவனுக்கு வேறென்ன வேண்டும்? கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் தோற்றது உள்ளே முள்ளாகக் குத்தியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். தம்பியிடம் தோற்றுப் பழக்கமில்லாதவன். இவ்வளவு நெருக்கத்தில் முடிந்திருக்கிறதென்றால் கைத்தாங்கல் ஓடியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனே எழுதின கணக்குத்தானே. தம்பி பின்தங்கினான், மெஷின் தூக்கிவிட்டது, அவ்வளவுதான் என்று மனசு உடனே முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டியதும் குத்தல் நின்றது. இன்னொரு விதமாக இருக்கலாமே என்று யோசிக்க அந்த மூளைக்கு வழியே தெரியவில்லை.

ரைடை வாங்க வந்திருந்த பூங்காக்காரர் டீ மேசைப் பக்கம் நின்றிருந்தார். கைத்தாங்கல் பற்றி முதலாளியம்மா அவரிடம் முன்பே சொல்லியிருந்தார் போலிருக்கிறது. "பேச்சு நல்லாத்தான் இருக்கு. நிஜமாவே வேலை செய்யுதா?" என்று வாத்தியாரைப் பார்த்துக் கேட்டார்.

"இதோ, என் தம்பியே சாட்சி சார்" என்றான் பெரியவன். குரலில் பெருமை வழிந்தது. "சின்ன வயசுலேர்ந்து எதுலயும் என்னை ஜெயிச்சதில்ல. இன்னிக்கு ஜெயிச்சுட்டு எப்படிக் குதிக்கிறான் பாத்தீங்கல்ல? மெஷின் தூக்கிவிட்டுச்சுன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் சார் நம்ம வித்தையே."

பூங்காக்காரர் சிரிக்கவில்லை. அவர் பார்வை வாத்தியாரின் தோளுக்குப் பின்னால் போயிற்று. திரும்பினால், சின்னவன் நிற்கிறான். கையில் இரண்டு டீ. ஒன்று அண்ணனுக்கு. பக்கத்தில் அவன் மகள்.

"மெஷின் விட்டுக்கொடுத்துச்சாப்பா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றான் சின்னவன். டீயைச் சிந்தாமல் மேசையில் வைத்தான். "வித்தை நல்லாருக்குண்ணா. எனக்குத் தெரியவே இல்லை."

அவ்வளவுதான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் தேவலை. முதலாளியம்மாவிடம் சொல்லிக்கொண்டு, லைட்டக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டு, மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பெரியவன் வாசல் வரை பின்னால் ஓடினான். "டேய், வியாபாரத்துக்குச் சொன்னதுடா" என்றான். "தெரியும்ணா" என்றான் தம்பி. பஸ் வந்துவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது ஒரு தடவைதான் கெடும். இவன் அதே வாயால் இரண்டாம் தடவை.

கொட்டகையில் எல்லோரும் கலைந்த பிறகு லைட்டக்கா மேசை விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் ஒரு ஸ்டூலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க தப்பா சொல்லிட்டீங்க."

"தெரியுதுக்கா. சொல்லியிருக்கவே கூடாது."

"அது இல்ல. விவரமே தப்பு. விளக்கு உங்க பக்கம்ல எரிஞ்சது."

அவன் தலையை நிமிர்த்தினான்.

"நாலாவது மீன்லேர்ந்து உங்க பக்கம்தான். கடைசி ஆக்டோபஸ் வரைக்கும் அணையவே இல்ல. உங்க தம்பி பக்கம் ஒரு தடவைகூட எரியல. அந்தாளு கண்ணுலயே அடிச்சாரு, ஒவ்வொண்ணையும். நீங்க வால்ல அடிச்சீங்க, துடுப்புல அடிச்சீங்க, மெஷின் உங்களைத் தாங்கித் தாங்கிக் கொண்டாந்து விட்டுச்சு. அப்படியும் தோத்தீங்க."

"அப்பவே சொல்லக் கூடாதாக்கா?"

"வாங்கினவருக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? உங்களுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?" என்றார் லைட்டக்கா. சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்து, "வீட்டுக்குப் போங்க தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க அவனால் முடியவில்லை. மறுநாள் சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனான். மாடிப் பகுதி, இரண்டே அறை. கதவுக்குப் பின்னால் சின்னவனின் மஞ்சள் தலைக்கவசம் ஆணியில் தொங்கியது. சின்னவன் கைலியோடு தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாண்ணா. உக்காரு." அவன் மனைவி உள்ளே பார்த்து, "பெரியப்பாவுக்குத் தண்ணி கொண்டா" என்று மகளிடம் சொன்னாள்.

பெரியவன் தண்ணீரை வாங்கிக் குடித்தான். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். விளக்கு எந்தப் பக்கம் எரிந்தது, நாலாவது மீன், ஆக்டோபஸ், லைட்டக்கா சொன்னது, ஒன்றையும் விடவில்லை. "நீதான்டா ஜெயிச்சே. மெஷின் எனக்குத்தான் முட்டுக் கொடுத்துச்சு. அப்படியும் நான் தோத்தேன்."

சின்னவன் மின்விசிறியின் இறக்கையைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தான். சிரித்தான். நல்ல சிரிப்புத்தான், கசப்பெல்லாம் இல்லை.

"விடுண்ணா."

"என்னடா விடு? நிஜமா சொல்றேன்."

"கிடங்குல சேர்ந்தப்பவும் நிஜமாத்தான் சொன்னே. நீயே பேசி அசத்திட்டே, நான் ஒரு வார்த்தை சொல்லலன்னு."

பெரியவன் காலித் தம்ளரைக் கீழே வைத்தான். தம்பி விடவில்லை.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் முகத்தை வெச்சுக்கிட்டே. கண்ணு கலங்கினாப்புல. நான் அப்படியே நம்பிட்டேன்."

"அது வேற, இது வேறடா. நாளைக்கே வா. கைத்தாங்கலை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுவோம். யார் ஜெயிக்கிறாங்கன்னு பாரு."

"ஆஃப் பண்ணியிருக்குன்னு யாரு சொல்லணும்? நீதானே சொல்லணும்?"

"லைட்டக்கா சொல்லுவாங்க!"

"அவங்க உன்கூட வேலை பாக்கறவங்கண்ணா. உன் சிநேகிதனும்தான் சொன்னாரு அன்னிக்கு, தம்பி நல்லாப் பேசினாருன்னு."

பெரியவன் எழுந்து நின்றான், உட்கார்ந்தான். கரடியாகக் கத்தினாலும் இனி ஏறாது என்று தெரிந்தது. கத்தவும் முடியாது, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. "என்ன செஞ்சா நம்புவே? சொல்லு, செய்யறேன்."

"நம்ப எனக்கு ஆசை இல்லைன்னு நெனைக்கறியா?" சின்னவன் துணியைக் கீழே வைத்தான். "அந்த டீயைக் கையில எடுத்துக்கிட்டு வந்தேனே, அதுவரைக்கும் என்னை மாதிரி சந்தோஷமான ஆளு உலகத்துலயே கெடையாது. அதைத் திரும்பக் கொடுக்கணும்னு நீ வந்திருக்கே. புரியுது. ஆனா அதெல்லாம் கொடுக்கிற சாமான் இல்லண்ணா."

சின்னவன் மகள் கதவோரம் நின்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரியப்பா, அப்ப நெசமாவே எங்கப்பாதான் ஜெயிச்சாரா?"

"ஆமாம்மா. சத்தியமா உங்கப்பாதான்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவன் அவள் தலையைத் தடவி, "பெரியப்பா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றான். சொந்தக்காரர் மனம் நோகக் கூடாதென்று பெரியவர்கள் பேசுகிற குரல் அது. குழந்தைக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டான். ஒரு குறை வைக்கவில்லை, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தார்கள். சண்டை தீர்ந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. இனிமேல் நல்லது கெட்டதுக்கு வருவான், போவான். ஆனால் அண்ணன் சொல்கிற எதையும், நல்லதோ கெட்டதோ, இனி இந்த வீட்டில் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பெரியவனுக்கு இது தெளிவாகவே விளங்கியது. அழுகை முட்டியது. காரம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டான்.

சின்னவன் படியிறங்கித் தெரு வரைக்கும் வந்தான். அண்ணன் வண்டியை எடுக்கும்போது தோளில் கை வைத்து, "மனசுல வெச்சுக்காதே. நீ நல்லதுக்குத்தான் சொல்றேன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். சொல்லாத பொய்க்கு மன்னிப்பு. அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று திருப்பவும் முடியவில்லை.

தம்பி திரும்பிப் படியேற ஆரம்பித்துவிட்டான். பெரியவன் வண்டியை அணைத்தான். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அண்ணாந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"டேய்! நான்தான்டா தோத்தேன்!"

மாடிப்படியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. அழுகிற குழந்தையைத் தேற்றுகிற மாதிரி அவ்வளவு பிரியமாக வந்தது.

"சரிண்ணா, சரி. பாத்துப் போ."